டிஸ்சார்ஜ் முடிந்த பிறகு மிஞ்சும் நிறம்: துத்தநாக-புரோமின் செல்லின் வரவு செலவு

துத்தநாக-புரோமின் பேட்டரியில் சார்ஜின்போது நேர்ப்பக்கம் புரோமினும் எதிர்ப்பக்கம் துத்தநாகமும் உண்டாகும்; டிஸ்சார்ஜின்போது இரண்டும் திரும்பத் துத்தநாக புரோமைடாகி மின்சாரம் தரும். புரோமைடைப் புரோமினாக மாற்றப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சோடியம் புரோமைடு கரைத்த தண்ணீரில் இரண்டு கரித்துண்டுகளை நிறுத்தி 3 வோல்ட் கொடுத்தால், நேர்ப்பக்கக் கரியிலிருந்து மஞ்சள் இழை ஒன்று கீழே இறங்கும். கரியின் மேல் இந்த வினை வேகமாகவே நடக்கும். பிளாட்டினமும் வேண்டாம், வினையூக்கிப் பூச்சும் வேண்டாம். வம்பு அதற்கப்புறம்தான். உண்டான புரோமின் ஆவியாகும், குழாயின் சுவருக்குள் புகும், இரு பக்கத்துக்கும் நடுவே நிற்கும் பிரிப்பானைத் தாண்டிப் போய்த் துத்தநாகத்தைத் தின்னும், காரம் பட்டால் புரோமேட்டாகிவிடும். சார்லஸ் பிராட்லி இந்த பேட்டரிக்கு அமெரிக்காவில் 1885-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனாலும் 1970-களில் எக்ஸான், கூல்ட் போன்ற நிறுவனங்கள் கையில் எடுக்கும்வரை அது பெரிதாக நகரவில்லை. புரோமினை உண்டாக்கத் தெரிந்தது. பிடித்து வைக்கத் தெரியவில்லை.

ஆகவே இந்தப் பதிவில் எத்தனை வோல்ட் வந்தது என்பதைவிட, கொடுத்த கரண்ட் எங்கே போயிற்று என்பதற்குத்தான் அதிக இடம். கணக்கின் அடிப்படை எண்கள் இவை: 1 ஆம்பியர்-மணிக்கு 2.98 கிராம் புரோமின், 1.22 கிராம் துத்தநாகம். இரண்டும் சேர்ந்த துத்தநாக புரோமைடாகப் பார்த்தால் 4.20 கிராம். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. அப்படியானால் 1 ஆம்பியர்-மணிக்கான புரோமின் ஏறக்குறைய 46 லிட்டர் கடல் நீரில் கரைந்து கிடக்கிறது. அந்தத்வான் பலார் 1826-ல் இதைக் கண்டெடுத்ததும் பிரான்சின் மோன்பெலியே உப்பளத்தில், உப்பு எடுத்த பின் மிஞ்சிய கசப்பு நீரிலிருந்துதான்.

தொடங்கும் முன்

புரோமின் 59 டிகிரியில் கொதிக்கும். அறை வெப்பத்திலேயே தாராளமாக ஆவியாகும். ஆவி காற்றைவிட ஐந்தரை மடங்கு கனம், தரையோடு படரும். வேலை செய்யும் இடத்துக் காற்றில் 8 மணி நேர வரம்பு 0.1 பி.பி.எம். கீழே வரும் முதல் ஓட்டத்தில் உண்டாகும் புரோமின் 298 மில்லிகிராம்தான். ஆனால் 3 × 4 × 2.5 மீட்டர் அறையில் அது முழுவதும் பரவினால் ஒரு பி.பி.எம்-ஐத் தாண்டும், அதாவது வரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. ஒரு தடவையில் 1 கிராமுக்கு மேல், அதாவது 335 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல், சேர விடவும் கூடாது.

கைக்கெட்டும் தூரத்தில் 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சோடியம் தயோசல்ஃபேட்டும் 50 கிராம் சமையல் சோடாவும் கரைத்து வைக்கவும். போட்டோ கடைக்காரர்கள் ஹைப்போ என்பதும், மீன் தொட்டிக்கு ஆன்ட்டி-குளோரின் என்று விற்பதும் இந்தத் தயோசல்ஃபேட்தான். சோடா எதற்கென்றால், ஹைப்போ புரோமினை அழிக்கும்போது அமிலம் பிறக்கும். அமிலத்தில் ஹைப்போ தானே சிதைந்து, பால்போலக் கந்தகத்தையும் மூக்கைத் துளைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடையும் விடும்.

சிந்தியதைத் துடைக்க அசிட்டோன் எடுக்கவே வேண்டாம். புரோமினோடு சேர்ந்து புரோமோ அசிட்டோன் ஆகும். அது கண்ணீர்ப் புகை. அம்மோனியாவும் கூடாது. அலுமினியத் தாளை ஹூட்டுக்குள்ளேயே வைக்க வேண்டாம்.

எது தாங்கும், எது தாங்காது

கண்ணாடி, டெஃப்ளான், பி.வி.டி.எஃப் மூன்றும் கவலையில்லாதவை. பாலிபுரோப்பிலீன் மஞ்சளாகும், நாள்பட நொறுங்கும், ஆனால் சோதனை செல்லுக்குப் போதும். ஓ-ரிங், கேஸ்கட் எல்லாம் விட்டான் ரப்பரில் இருக்கட்டும். சாதாரண ரப்பர், நைலான், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அக்ரிலிக் உள்ளே நடப்பதைக் காட்டும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். சில நாளில் வலைவலையாக விரிசல் விடும். சிலிக்கோன் குழாயின் குறை வேறு விதம். அது உடனே கெடாது, புரோமினைக் குடித்துப் பழுப்பாகும். வெளிச்சுவர் வழியாக வாசனை வரும்போதுதான் தெரியும். குழாயைப் பிதுக்கிக் கரைசலை ஓட்டும் பெரிஸ்டால்டிக் பம்ப்போடு பெரும்பாலும் சிலிக்கோன் குழாயே வரும், மாற்றிவிடவும்.

உலோகத்தில் ஏமாற்றுவது டைட்டானியம். குளோரைடில் அசையாமல் நிற்பதால், குளோரின் தொழிலில் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியமே நேர்மின்வாய். அந்த நம்பிக்கையில் இங்கே கொண்டுவந்தால், புரோமைடு அதைக் குளோரைடைவிட மிகக் குறைந்த வோல்டேஜிலேயே புள்ளிப் புள்ளியாக அரிக்கும். பூச்சு கீறிய இடத்தில், வெட்டிய விளிம்பில் தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த அளவுக்குக்கூடத் தாங்காது. கரைந்த இரும்பு மறுபக்கம் போய்த் துத்தநாகத்தையும் கெடுக்கும். கரைசல் படும் இடமெல்லாம் கரி, இல்லையென்றால் பிளாஸ்டிக் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

கரியிலும் ஒரு குறை உண்டு. பழைய டார்ச் பேட்டரியின் கரிக்கோலில் நுண்துளைகள் இருக்கும். புரோமின் அதன் வழியே மேலேறி, கிளிப் மாட்டிய இடத்தில் பச்சையாகப் பூக்கும். கோலின் மேல் பாதியை உருகிய பாரஃபின் மெழுகில் குமிழி அடங்கும்வரை வைத்தெடுத்தால் ஏறாது. கீழ்ப் பாதியில் மெழுகு படக்கூடாது.

முதல் ஓட்டம்: பீக்கரில்

புதிதாகச் செய்பவர்கள் சோடியம் புரோமைடு கரைசலில் தடுப்பே இல்லாமல் இரண்டு கரியை நிறுத்துவார்கள். மஞ்சள் வரும், கொஞ்ச நேரத்தில் மங்கும், கரண்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஹைட்ரஜன் வெளியேறும்போது அங்கே காரம் சேருகிறது. காரத்தில் புரோமின் ஹைப்போபுரோமைட்டாகி, அது புரோமேட்டாகிவிடும். புரோமேட்டுக்கு நிறமில்லை. அதைக் கரியின் மேல் திரும்ப மின்சாரமாக எடுக்கவும் முடியாது. போதாக்குறைக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

ஆகவே தொடக்கத்திலிருந்தே துத்தநாக புரோமைடு. எதிர்ப்பக்கத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் துத்தநாகம் படியும், காரம் சேராது. 1 மோலார் கரைசலுக்கு 22.5 கிராமை நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கவும். காற்றில் வைத்த நிமிடமே ஈரம் உறிஞ்சும் உப்பு இது, வேகமாக எடை போடவும். கரையும்போது சூடாகும். வெண்ணிறக் கலங்கல் வந்தால் நீர்த்த ஹைட்ரோபுரோமிக் அமிலம் சில துளி விட்டுத் தெளிய வைக்கவும். பி.எச். 2-லிருந்து 3.5-க்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் துத்தநாகம் அமிலத்தில் கரைந்து ஹைட்ரஜன் விடும்; மேலே போனால் துத்தநாக ஹைட்ராக்சைடு திரளும்.

துத்தநாக புரோமைடு கிடைக்காவிட்டால் 100 மி.லி.க்கு 13.6 கிராம் துத்தநாக குளோரைடும் 20.6 கிராம் சோடியம் புரோமைடும் போடலாம். புரோமைடு குளோரைடுக்கு முன்பாகவே ஆக்ஸிஜனேறும் என்பதால் இந்தச் சோதனைக்குப் பாதகமில்லை.

நேர்ப்பக்கத்துக்குக் கிராஃபைட் ஃபெல்ட் (கரி இழையாலான கம்பளம்), 3 மி.மீ. தடிமன். வாங்கியபடியே போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும். காற்றுள்ள மஃபிள் ஃபர்னஸில் 400 டிகிரியில் சில மணி நேரம் வைத்தெடுத்தால் சொட்டு விட்டதும் உறிஞ்சும். வெனேடியம் பேட்டரியில் இந்தச் சூடு வினையின் வேகத்துக்கே தேவை; இங்கே முக்கிய லாபம் நனைவதுதான். தொட்டால் பொடியும் அளவுக்குச் சுட வேண்டாம்.

எதிர்ப்பக்கம் துத்தநாகத் தகடு. அதைச் சுற்றி லெட்-ஆசிட் பேட்டரித் தகடுக்குப் போடும் பாலிஎத்திலீன் உறை. புதிதாக, அமிலம் படாததாக வாங்கவும். அதில் எண்ணெய் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பிறகு தண்ணீரை நாலைந்து முறை மாற்றி அலசி, ஈரத்தோடேயே பயன்படுத்தவும். காய்ந்துவிட்டால் மறுபடி ஆல்கஹாலிலிருந்து தொடங்க வேண்டும். ஆல்கஹால் மிச்சமிருந்தால் புரோமின் அதோடு வினைபுரிந்து கணக்கில் துண்டு விழும்.

50 மி.லி. கரைசல், காந்தக் கலக்கி, மேலே வாட்ச் கிளாஸ் மூடி. 100 மில்லி ஆம்பியர், 60 நிமிடம். மஞ்சள், ஆரஞ்சு, பிறகு செம்பழுப்பு.

100 மில்லி ஆம்பியர்-மணிக்கு 1.87 மில்லிமோல் புரோமின் வர வேண்டும், 50 மி.லி.யில் 0.037 மோலார். இதில் தனிப் புரோமினாக இருப்பது கொஞ்சமே. பெரும்பகுதி இன்னொரு புரோமைடோடு சேர்ந்து டிரைபுரோமைடாகிவிடும்; அதன் சமநிலை மாறிலி 25 டிகிரியில் 17-ஐ ஒட்டியது. 2 மோலார் புரோமைடு தனியாகக் கிடைத்தால் 34 பங்கு டிரைபுரோமைடுக்கு 1 பங்கு தனிப் புரோமின். ஆனால் துத்தநாகம் புரோமைடில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்வதால் நடப்பில் தனிப் புரோமின் இதைவிட அதிகம். மூடியைத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும். முகர்ந்து பார்க்க வேண்டாம்.

டைட்ரேஷன்

செல்லில் எவ்வளவு புரோமின் இருக்கிறது என்று, அளவு தெரிந்த ஹைப்போவைச் சொட்டி அளப்பதுதான் இது. கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 24.8 கிராம் ஹைப்போவும் ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட்டும் போட்டால் 0.1 மோலார் கரைசல். எடையை மட்டும் நம்ப வேண்டாம். பொட்டாசியம் அயோடேட் 3.567 கிராமை 1 லிட்டரில் கரைத்து, அதில் 10 மி.லி. எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலமும் சேர்த்தால் சரியாக 10.0 மி.லி. ஹைப்போ இறங்க வேண்டும்.

கூம்புக் குடுவையில் 30 மி.லி. தண்ணீர், 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு. செல்லிலிருந்து 5.00 மி.லி.யைப் பம்ப் வைத்த பிப்பெட்டில் எடுத்து, அதன் நுனி அயோடைடு கரைசலுக்குள் மூழ்கியபடி விடவும். மேலிருந்து சொட்டினால் வழியிலேயே புரோமின் பறந்துவிடும். ஹைப்போவை விட்டுக்கொண்டே வந்து, நிறம் வெளிர் வைக்கோல் மஞ்சளாகும்போது ஸ்டார்ச் சேர்க்கவும். ஸ்டார்ச் இல்லையென்றால் சாதம் வடித்த கஞ்சியை நீர்த்து வடிகட்டினால் போதும். நீலத்துக்குப் பதில் கொஞ்சம் ஊதா சாயல் வரும், முடிவு அதேபோல் தெளிவாகத் தெரியும்.

0.1 மோலார் ஹைப்போ 1 மி.லி. என்பது 2.68 மில்லி ஆம்பியர்-மணி. 5 மி.லி. மாதிரிக்கு 3.73 மி.லி. இறங்கினால் கொடுத்ததெல்லாம் இருக்கிறது. 3.50 என்றால் 94 சதவீதம். நிறம் போன பிறகு குடுவையில் அமிலமும் துளி அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துப் பார்க்கவும். நீலம் உடனே திரும்பி வந்தால் அது புரோமேட். அது தின்ற கரண்டையும் அதே 2.68-ஆல் கணக்கிடலாம், ஏனென்றால் ஆறு எலக்ட்ரான் கொடுத்து உண்டானது ஆறையும் அயோடைடிடமிருந்து திரும்ப வாங்குகிறது. மெதுவாக, பல நிமிடம் கழித்து வரும் நீலம் காற்றின் ஆக்ஸிஜனால் வருவது. மாதிரி சேர்க்காத குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும்.

பிடித்து வைக்கும் உப்பு

ஃப்ளோ பேட்டரியில், அதாவது கரைசலைத் தொட்டியில் வைத்து பம்ப் மூலம் செல்லுக்குள் ஓட்டும் பேட்டரியில், புரோமினைக் கட்டிவைப்பது குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு. எளிதில் கிடைப்பது டெட்ரா பியூட்டைல் அம்மோனியம் புரோமைடு. புரோமினை நன்றாகவே பிடிக்கும், ஆனால் பிடித்ததும் ஆரஞ்சுத் திடப்பொருளாகிவிடும். அதன் டிரைபுரோமைடு 70 டிகிரிக்கு மேல்தான் உருகும். அசையாத செல்லில், ஃபெல்ட்டுக்குள்ளேயே புரோமின் தங்க வேண்டும் என்றால் அது நல்லதுகூட. பம்ப் ஓடும் செல்லில் ஃபெல்ட்டும் குழாயும் அடைபடும்.

ஃப்ளோவுக்கு மெத்தில் எத்தில் பைரோலிடினியம் புரோமைடு. விலை அதிகம், தேடித்தான் வாங்க வேண்டும். 100 மி.லி.க்கு 19.4 கிராம் போட்டால் 1 மோலார். இது புரோமினோடு சேர்ந்து செந்நிற எண்ணெயாகி அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் பகுதி வெளிர் மஞ்சளாகும், ஆவியும் வெகுவாகக் குறையும்.

இங்கே அடிக்கடி நடப்பது ஒன்று: டிஸ்சார்ஜ் பாதியில் வோல்டேஜ் விழுகிறது, தொட்டியின் அடியிலோ சிவப்பு எண்ணெய் அப்படியே கிடக்கிறது. பம்ப் குழாய் தண்ணீர் பகுதியை மட்டும் உறிஞ்சுகிறது என்று பொருள். சார்ஜின்போது உறிஞ்சு குழாய் மேலேயும், டிஸ்சார்ஜின்போது எண்ணெயைத் தொடும்படி அடியிலும் இருக்க வேண்டும். சின்ன செல்லில் குழாயைக் கையால் இறக்கிவிட்டாலே போதும். இந்த உப்பு சேர்ந்த பிறகு டைட்ரேஷன் மாதிரியையும் மேலாக எடுக்க முடியாது. தொட்டியை நன்றாகக் குலுக்கி எடுக்க வேண்டும், அல்லது முழுத் தொட்டியையும் டைட்ரேட் செய்ய வேண்டும். நாங்கள் இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம்.

ஃப்ளோ செல்

இரண்டு பாலிபுரோப்பிலீன் கட்டைகள், நடுவே 2 × 2.5 செ.மீ. ஜன்னல். நேர்ப்பக்கம் கிராஃபைட் தாள், அதன்மேல் 3 மி.மீ. ஃபெல்ட் 2.4 மி.மீ. சட்டத்துக்குள் அமுங்கியபடி. எதிர்ப்பக்கம் வெறும் கிராஃபைட் தாள், முன்னால் எச்.டி.பி.ஈ. வலைத்துண்டு; நைலான் கொசுவலை கூடாது. நடுவில் அதே பாலிஎத்திலீன் பிரிப்பான். கிராஃபைட் தாளுக்குப் பின்னால் செப்புத் தகடு. தாள் வழியாகப் புரோமின் கசிந்தால் செப்பு பச்சையாகும், தொடர்புத் தடை ஏறும். ஆகவே தாளை இரண்டாக வைத்து, ஓட்டம் முடியும்போதெல்லாம் செப்பைக் கழற்றிப் பார்க்கவும்.

கரைசல் 2 மோலார் துத்தநாக புரோமைடு, 1 மோலார் பைரோலிடினியம் உப்பு, இரு பக்கமும் 20 மி.லி. முதலில் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் ஓட்டிக் கசிவு பார்க்கவும். இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு ஹைப்போ வாளியோடு நிற்பார்கள்.

100 மில்லி ஆம்பியர், அதாவது சதுர செ.மீ.க்கு 20, நேரம் 45 நிமிடம். 75 மில்லி ஆம்பியர்-மணி சேரும், துத்தநாகப் படிவு சராசரியாக 26 மைக்ரான். கோட்பாட்டு வோல்டேஜ் 1.85-ஐ ஒட்டியது, சார்ஜ் அதற்குக் கொஞ்சம் மேலே, டிஸ்சார்ஜ் கொஞ்சம் கீழே ஓட வேண்டும். 2.1-ல் வெட்டிவிடவும். கரண்ட் கொடுத்ததுமே 2.2 காட்டினால் வேதியியலைத் தேட வேண்டாம்: ஃபெல்ட் நனையவில்லை, பிரிப்பான் காய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. 2 ஓம் கூடுதல் தடையே 0.2 வோல்ட்டைத் தின்றுவிடும்.

இழப்பு எந்த வழியில்?

75 கொடுத்து 60 வந்தால் 15 எங்கே? 0.5 வோல்ட் வரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு இரண்டு பக்கத்தையும் பார்க்கவும்.

நேர்ப்பக்கம் நிறமற்று, எதிர்ப்பக்கக் கரியும் சுத்தமாக இருந்தால், புரோமின் பிரிப்பானைத் தாண்டிப் போயிருக்கிறது. அது துத்தநாகத்தைத் தொட்டதும் இரண்டும் சம அளவில் தீரும், தடயம் இருக்காது. ஓடும்போது எதிர்ப்பக்கத் தொட்டி இளமஞ்சளாவதுதான் அடையாளம்.

துத்தநாகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நேர்ப்பக்கத்தில் நிறமில்லை என்றால் புரோமின் வெளியே போயிருக்கிறது: ஆவியாக, குழாய்ச் சுவருக்குள், அல்லது புரோமேட்டாக. முதலில் குழாயின் நிறம், பிறகு மூடி, கடைசியில் அமிலம் சேர்த்த டைட்ரேஷன் என்று பார்த்துக்கொண்டு வரவும்.

துத்தநாகம் தீர்ந்து, நேர்ப்பக்கம் இன்னும் சிவப்பாக இருந்தால் ஹைட்ரஜன். துத்தநாகம் கரண்ட் கொடுக்காமல் அமிலத்தில் கரைந்திருக்கிறது, பி.எச். ஏறியிருக்கும். நீர்த்த ஹைட்ரோபுரோமிக் அமிலத்தால் சரிசெய்யலாம், ஆனால் இரும்போ செம்போ கரைசலில் கலந்திருந்தால் திரும்பத் திரும்ப வரும். எதிர்ப்பக்கத் தொட்டியின் அடியில் சாம்பல் நிறத் துகள்கள் கிடந்தால் இன்னொரு காரணம்: படிவு உதிர்ந்து மின்தொடர்பு அற்றுப்போயிருக்கிறது. அப்போது கரண்டைக் குறைக்கவும், எதிர்ப்பக்க ஓட்டத்தைக் கூட்டவும்.

முதல் வகையை உறுதிசெய்யக் கரண்டை மாற்றிப் பார்க்கலாம். சதுர செ.மீ.க்கு 2 மில்லி ஆம்பியர் அளவு புரோமின் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ல் ஓட்டினால் சார்ஜில் 18 மட்டும் சேரும், டிஸ்சார்ஜில் 22 தீரும்; திரும்ப வருவது 82 சதவீதம். 10-ல் ஓட்டினால் 8-ம் 12-ம். வருவது 67 சதவீதம்தான். மெதுவாக ஓட்டினால் நல்லது என்ற பொதுவான நினைப்பு இங்கே எடுபடாது. கரண்டை இரட்டிப்பாக்கும்போது இந்தச் சதவீதம் ஏறினால் கசிவு. இறங்கினால் துத்தநாகப் பக்கத்தில் தகராறு. பிரிப்பானை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

அடுத்த சார்ஜுக்கு முன் செல்லை 1 ஓம் தடையோடு இணைத்து, வோல்டேஜ் பூஜ்யத்தை ஒட்டும்வரை வைக்கவும். ஒட்டிய துத்தநாகம் அப்போதும் இருந்து, நேர்ப்பக்கக் கரைசலிலும் நிறம் மிஞ்சியிருந்தால், அதில் கொஞ்சத்தை எதிர்ப்பக்கம் ஓட்டினால் மிச்சப் புரோமின் அதைக் கரைத்துவிடும். பழைய படிவின் மேலேயே படிய விட்டால் மேடான இடத்திலேயே மேலும் படிந்து, ஊசி வளர்ந்து பிரிப்பானைத் துளைக்கும்.

கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை. முழுதாக டிஸ்சார்ஜ் ஆனால் பழைய துத்தநாக புரோமைடேதான். கெட்டுவிட்டதென்றால் ஹைப்போவால் நிறத்தை எடுத்து, சோடியம் கார்பனேட்டால் துத்தநாகத்தை வெள்ளையாகத் திரள வைத்து வடிகட்டி, அந்த வண்டலை ரசாயனக் கழிவோடு சேர்க்கவும். ஹூட்டுக்குள் இருந்த முதலை கிளிப்புகளையும் அன்றே ஹைப்போ நீரில் நனைத்துக் கழுவிவிடவும். மறுநாளைக்கு விட்டால் பச்சை பூத்திருக்கும்.